மழை பார்க்காத உப்பு

பியூரெட் என்கிற கண்ணாடிக் குழாயின் திருகை நான் தொட்டதும் என் தம்பி ஆரோக்கியராஜ் மூச்சை அடக்கிக்கொண்டான்.

“மூச்சு விடுடா. நீ மூச்சு விட்டா மருந்து ஒண்ணும் கெட்டுடாது” என்றேன்.

“உனக்கென்னக்கா, ஈஸியா சொல்லிட்ட. ரெண்டு வருஷமா இதுக்குத்தான் மூச்சப் புடிச்சிக்கிட்டு இருக்கேன்” என்றான்.

தஞ்சாவூருக்கு வெளியே, தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருந்த சின்ன மருந்துக் கம்பெனி அது. அதில் பத்துக்குப் பத்து அறை ஒன்றுக்குச் சோதனைக்கூடம் என்று பெயர். அந்த அறைக்கு நான்தான் ராணி, மந்திரி, காவல்காரி எல்லாம். தம்பி முக்காலியில் உட்கார்ந்திருந்தான். காலில் ஷூ. உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது என் சட்டம். அவனுக்கு மட்டும் அன்று விலக்கு கொடுத்திருந்தேன்.

மேசை மேல் ஒரு அலுமினிய ஸ்ட்ரிப் கிடந்தது. ஓரம் மடங்கி, எழுத்து பாதி தேய்ந்திருந்தது. எங்கள் கம்பெனியில் செய்த கேப்சூல்கள். தம்பியின் பெட்டியில் வளைகுடாவுக்குப் போய், இரண்டு கோடையை அங்கே கழித்துவிட்டு, முந்தாநாள்தான் அவனோடு ஊர் திரும்பியிருந்தது.

அதற்குள் இன்னும் மருந்து இருக்கிறதா, வெறும் தூள்தான் இருக்கிறதா என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தோம். அதில் அச்சடித்திருந்த காலாவதித் தேதி என் கையெழுத்தை நம்பிப் போட்ட தேதி.

கெமிஸ்ட் என்றால்

சென்ற வாரம் என் கல்லூரி நாட்களைப் படித்த வாசகி ஒருவர், “கெமிஸ்ட் என்கிறீர்களே, எந்த மெடிக்கல் ஷாப்பில் இருந்தீர்கள்?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். என் மாமியாருக்கே கடைசிவரை அந்தச் சந்தேகம் இருந்தது. அதனால் சொல்லிவிடுகிறேன். நான் மருந்து விற்கவில்லை. விற்கலாமா கூடாதா என்று சொல்கிற வேலை என்னுடையது.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பா விவசாயி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடக் களத்திலிருந்து வைக்கோல் வாசனையோடு வருகிறவர். நான் கெமிஸ்ட்ரி படித்து முடித்துவிட்டு, டீச்சர் வேலை கிடைக்காமல் வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நாட்டில் வெளிநாட்டு வியாபாரத்துக்குக் கதவெல்லாம் திறக்கிறார்கள் என்று பேப்பரில் போட ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கம் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவர்களைவிட வெளியே போனவர்கள்தான் அதிகம்.

உள்ளே வந்தவர்களில் ஒருவர் தாவூது பாய். முத்துப்பேட்டைக்காரர். வளைகுடாவில் ஒரு மருந்துக்கடையில் பல வருஷம் விற்பனையாளராக நின்றவர். அங்கே இந்திய மருந்து என்றால் மூக்கைச் சுளிக்கிறார்களே என்ற கோபத்தோடு திரும்பி வந்தார். சேர்த்ததையெல்லாம் போட்டுக் கம்பெனி ஆரம்பித்தார். ஒரே ஒரு மருந்துதான். க்ளாக்சாசிலின். சீழ் வைத்த புண்ணுக்கும் கட்டிக்கும் கொடுக்கிற ஆன்டிபயாடிக். மருந்துத் தூளை வெளியூரிலிருந்து டின்னில் வாங்கி, உறையில் நிரப்பி, அட்டையில் அடைத்து விற்கிற வேலை.

என்னை நேர்முகத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி. “நான் மொதலாளி. நான் ஒரு சரக்கு நல்ல சரக்குன்னு சொல்றேன், நீங்க பாத்தா கெட்டிருக்கு. என்ன செய்வீங்க?”

“கெட்டிருக்குன்னு எழுதுவேன்.”

“நான் கோவிச்சுக்கிட்டா?”

“ரெண்டு தடவ எழுதுவேன்.”

அன்றிலிருந்து எனக்குக் கெமிஸ்ட்டம்மா என்று பெயர். பிலோமினா என்ற பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

தம்பி கொண்டுபோன அட்டை

அந்த வருஷமே ஆரோக்கியம் வளைகுடாவுக்குப் போனான். கட்டட வேலை. எங்கள் பக்கத்திலிருந்து போகிற யாருடைய பெட்டியைத் திறந்தாலும் அப்போது மூன்று சாமான் கட்டாயம் இருக்கும். எலுமிச்சை ஊறுகாய், தைலம், காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் ஊர் மாத்திரை. அங்கே டாக்டரிடம் போனால் ஒரு நாள் வேலை போய்விடும் என்று பயம்.

நான் பெருமையாக எங்கள் கம்பெனிச் சரக்கையே வைத்துக் கட்டினேன். அப்போது நாங்கள் பிளிஸ்டர் அட்டையில்தான் அடைத்தோம். முன்பக்கம் பிளாஸ்டிக், பின்பக்கம் மெல்லிய அலுமினியத் தாள். கண்ணாடி மாதிரி உள்ளே கேப்சூல் பளபளவென்று தெரியும். “அக்கா செஞ்ச மருந்து, பாத்துக்க” என்றேன். செய்தது நான் இல்லை, பாஸ் போட்டதுதான் நான். ஆனால் யார் அதையெல்லாம் பிரித்துச் சொல்வார்கள்?

ஒரு வருஷம் கழித்து அவனிடமிருந்து கேசட் வந்தது. அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். அம்மா, அப்பா, ஆடு, மாடு எல்லாரையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, கால்ல கம்பி குத்திடுச்சு. நீ குடுத்த மாத்திரதான் போட்டேன். கேக்கலக்கா. கொழகொழன்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. இங்க ரூமு தகரக் கூர. அட்டைய சன்னல்லதான் வச்சிருந்தேன். கடல் பக்கங்கிறதால ராத்திரியில சொவரே வேர்க்குது. இப்ப பரவால்ல. அம்மாகிட்ட சொல்லாத.”

அந்தக் கேசட்டை நான் நான்கு முறை போட்டுக் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்குக் கோபம்தான் வந்தது. அவன்மேல் பாதி, கேப்சூல்மேல் பாதி.

நம்ம ஊரில் உப்புக்கா பஞ்சம்

பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வளைகுடாவுக்குச் சரக்கு அனுப்ப ஒரு வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்த சமயம். “அங்க வெயில்ல தாங்குமான்னு அவங்களும் கேக்குறாங்க. சோதிச்சுப் பாத்துரலாமே” என்றார்.

வெயிலும் ஈரமும் உள்ள நாட்டுக்குப் போகிற மருந்தை நாற்பது டிகிரி சூட்டிலும் எழுபத்தைந்து சதவீத ஈரப்பதத்திலும் மாதக்கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படி வைத்தால் இரண்டு வருஷத்தில் கெடுவது சில மாதத்திலேயே தன் குணத்தைக் காட்டிவிடும். பெரிய கம்பெனிகளில் இதற்கென்று அலமாரி மாதிரி ஒரு இயந்திரம் இருந்தது. நாங்கள் அதன் படத்தைத்தான் பார்த்திருந்தோம்.

எனக்குப் பாடப்புத்தகம் ஒன்று ஞாபகம் வந்தது. சாதாரண உப்பை முழுதும் கரையாத அளவுக்குத் தண்ணீரில் குழைத்து ஒரு மூடிய ஜாடியின் அடியில் வைத்தால், அந்த ஜாடிக்குள் காற்றின் ஈரம் தானாக எழுபத்தைந்தில் வந்து நிற்கும். சோறாக்கப் போடுகிற உப்பேதான். கனமான கண்ணாடி ஜாடி எங்களிடம் இருந்தது. நாற்பது டிகிரிக்குப் பழைய இன்குபேட்டர் ஒன்று இருந்தது. உப்புதான் பாக்கி.

“திருச்சியிலேந்து சுத்தமான லேப் உப்பு வாங்கணும் பாய்.”

“உப்பா? கெமிஸ்ட்டம்மா, வேதாரண்யத்த பக்கத்துல வச்சிக்கிட்டு உப்ப திருச்சியில வாங்குனா ஊரே சிரிக்கும்.”

நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கும் அது பெருமையாகவே இருந்தது. வெள்ளைக்காரன் இயந்திரத்தால் செய்வதை நாங்கள் வேதாரண்யத்து உப்பால் செய்கிறோம் என்று. மூன்றாம் நாள் ஒரு மூட்டை வந்து இறங்கியது. அப்போதுதான் வாரிய புது உப்பு. கல் ஒவ்வொன்றும் கற்கண்டு மாதிரி இருந்தது. தண்ணீரைக் கொஞ்சமாகவும் உப்பை நிறையவும் போட்டுச் சேறு மாதிரி குழைத்து அடியில் வைத்தேன். மேலே சல்லடைத் தட்டில் பிளிஸ்டர் அட்டைகள். ஈரம் காட்டுகிற சின்ன முள் மீட்டர் ஒன்றையும் உள்ளே வைத்து மூடினேன்.

அப்பாவும் மீட்டரும்

இந்த இடத்தில் எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் செய்த காரியம் யாருக்கும் புரியாது.

ஈரப்பதம் என்பது டெல்டாவில் பொல்லாத வார்த்தை. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கே ஒருவர் ஒரு கை நெல்லை மீட்டரில் போட்டு, “ஈரம் ஜாஸ்தி, காய வச்சிட்டு வாங்க” என்பார். வானத்தில் மேகம் திரண்டு நிற்கும். அப்பா ஒரு நெல்லைப் பல்லில் கடித்து, “டக்குன்னு ஒடையுது. இது ஈரமாய்யா? ஒங்க மிஷினு பொய் சொல்லுது” என்று கத்துவார். சாப்பாட்டுக் கூடையோடு நின்றுகொண்டிருக்கும் நானும் சேர்ந்து கத்துவேன். மீட்டர் என்றால் பொய் சொல்கிற சாமான் என்பது எனக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்னாலேயே தெரியும்.

ஜாடிக்குள் இருந்த மீட்டரின் முள் எழுபத்தைந்துக்கு ஏறவே இல்லை. அறுபதைக்கூடத் தொடாமல் சோம்பிக் கிடந்தது. புத்தகம் எழுபத்தைந்து என்கிறது, முள் இல்லை என்கிறது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? நின்று யோசித்திருக்க வேண்டும். நான் செய்தது, கண்ணாடியை விரலால் தட்டி, “இதுவும் பொய்” என்றதுதான்.

மூன்று மாதம் கழித்து எடுத்தேன். கேப்சூல் எல்லாம் கல் மாதிரி இருந்தன. மருந்து அப்படியே இருந்தது. பாஸ். தாளில் கையெழுத்துப் போட்டேன். பாய் வளைகுடா வியாபாரிக்கு அனுப்ப மாதிரிப் பெட்டிகளைக் கட்டச் சொன்னார்.

நான் தம்பிக்கு ஒரு கேசட் பேசினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. “மருந்துல ஒரு கொறையும் இல்ல. மூணு மாசம் சூட்டுல வச்சுப் பாத்தாச்சு. நீ வேளாவேளைக்கு ஒழுங்காப் போட்டிருக்க மாட்ட. ரெண்டு நாள் போட்டுட்டு நிறுத்தியிருப்ப. ஒன்ன எனக்குத் தெரியாதா?” என்று, அக்காக்களுக்கே உரிய அந்தக் குரலில்.

அழுகிற மூட்டை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தொழிற்பேட்டை ரோடு வாய்க்காலாகி, வாய்க்கால் ரோடாகிக் கிடந்தது. ஒரு நாள் காலையில் சோதனைக்கூடத்துக்குள் நுழைந்ததும் கால் சறுக்கியது. மூலையில் தரையெல்லாம் தண்ணீர்.

செல்லம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை அவளுக்கு. என் வயதுதான். வாக்கப்பட்டு வருவதற்கு முன் வேதாரண்யத்து உப்பளத்தில் வேலை பார்த்தவள். வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் அப்படித்தான் என்பதால் ஒத்துப்போயிற்று.

“தொடைக்காம ஏன் செல்லம்மா தண்ணிய இப்படிக் கொட்டி வச்சிருக்க?”

“நான் எங்கம்மா கொட்டுனேன்? அங்க பாருங்க. மூட்ட அழுவுது.”

உப்பு மூட்டையின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது. மேலே கூரை ஒழுகவில்லை. சுவர் காய்ந்திருந்தது.

“இது மழ பாக்காத உப்புங்க. வாரி அம்பாரமாப் போட்டு ஒரு மழ நனையவுடணும். அப்பத்தான் அதுல உள்ள கசப்புத் தண்ணி வடியும். வடியாத உப்பு காத்துல இருக்குற ஈரத்தயெல்லாம் இழுத்துக்கிட்டு அழுதுக்கிட்டே இருக்கும். எங்க பக்கம் ஊறுகாய்க்குக்கூடப் போட மாட்டோம். நீங்க மருந்துக்கு வச்சிருக்கீங்க” என்று சொல்லி, முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. குனிந்து அந்தத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக்குப் பின்னால் வேப்பங்கொழுந்து மாதிரி ஒரு கசப்பு வந்தது. மெக்னீசியம். கடல் தண்ணீரில் உப்போடு கூடவே இருக்கிற சாமான். கல்லூரியில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

காற்றின் ஈரத்தை இழுக்கிற உப்பு, மூடிய ஜாடிக்குள் என்ன செய்திருக்கும்? அங்கேயும் இழுத்திருக்கும். உள்ளே இருந்த காற்றைக் காய வைத்திருக்கும். நான் மூன்று மாதம் அந்தக் கேப்சூல்களைச் சோதிக்கவில்லை. நல்ல உலர்ந்த அறையில் விருந்தாளி மாதிரி உட்கார வைத்திருந்தேன்.

அன்றே ஆள் அனுப்பித் திருச்சியிலிருந்து சுத்தமான உப்பு வாங்கினேன். ஜாடியைக் கழுவி, புது உப்பைக் குழைத்து, அதே மீட்டரை வைத்தேன். இரண்டு நாளில் முள் நகர்ந்து நகர்ந்து எழுபத்தைந்தில் வந்து நின்றது. மீட்டர் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. அப்பாவுடைய மீட்டரைப் பற்றி எனக்குத் தெரியாது. என்னுடையது சொல்லவில்லை.

பாயின் கேள்வி

பாயின் அறைக்குப் போனேன். வாசலில் மாதிரிப் பெட்டிகள் கட்டி அடுக்கியிருந்தன. மறுநாள் கிளம்ப வேண்டியவை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் என் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது.

தம்பிக்குப் பேசிய கேசட் வரை எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்டார். “நம்ம ஊர் உப்புன்னு நான்தானே சொன்னேன்?”

“சொன்னது நீங்க. தலையாட்டுனது நான். மீட்டர் சொல்லியும் கேக்காம கையெழுத்துப் போட்டதும் நான்தான். பெட்டிய நிறுத்துங்க பாய்.”

“நிறுத்துனா அந்த ஆளு வேற கம்பெனிக்குப் போயிடுவான். அது தெரியுதா?”

“தெரியுது.”

“மருந்து நெசமாவே நல்லா இருந்துட்டா?”

“இருந்தா அனுப்புவோம். இப்ப எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். பிற்பகல் தொழுகையான அசர் நேரம். நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, வேலை போனால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி கழித்து, முகம் கை கால் ஈரத்தோடு திரும்பி வந்தார். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. ஆனால் கேட்டது வேறு.

“ஒங்க தம்பிக்கு, அவன் மேலதான் தப்புன்னு கேசட் பேசி அனுப்புனீங்களே. அவனுக்குச் சொல்லிட்டீங்களா?”

இன்னும் இல்லை என்று தலையசைத்தேன்.

“மொதல்ல போயி அதச் சொல்லுங்க தங்கச்சி. பெட்டிய நான் நிறுத்திக்கிறேன்.”

அவர் என்னை அதுவரை தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. அந்த அறையில் நான் அழவில்லை. சோதனைக்கூடத்துக்கு வந்து, செல்லம்மா இல்லாத நேரம் பார்த்து அழுதேன்.

தோற்றதில் சந்தோஷம்

சுத்த உப்பு ஜாடியில் ஒரு பக்கம் பழைய பிளிஸ்டர் அட்டையையும் இன்னொரு பக்கம் இரண்டு பக்கமும் அலுமினியத் தாளால் அடைத்த ஸ்ட்ரிப்பையும் வைத்தேன். பாய் அதற்காக வெளியூரில் கொடுத்து அடைத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஆறே வாரம். மார்கழிப் பனியில் ஜாடியைத் திறந்தபோது பிளிஸ்டர் கேப்சூல்கள் ஊறிப் பருத்து ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருந்தன. வெள்ளைத் தூள் மஞ்சளாகிக் கட்டி தட்டியிருந்தது. கொழகொழவென்று, கேசட்டில் தம்பி சொன்னபடியே அச்சு அசலாக. பிளாஸ்டிக் வழியாக ஈரம் மெல்ல மெல்ல உள்ளே புகுந்திருக்கிறது. சூட்டை மட்டும் அந்த மருந்து தாங்கும். சூடும் ஈரமும் சேர்ந்து வந்தால் தாங்காது.

தன் சரக்கு தோற்றுப்போனதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட கெமிஸ்ட் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் தம்பி பொய் சொல்லவில்லை.

ஸ்ட்ரிப்பில் இருந்தவை காய்ந்த கடலை மாதிரி கலகலவென்று இருந்தன. அவற்றை ஆறு மாதம் வைத்துப் பார்த்துப் பாஸ் போட்டேன். இந்த முறை தினமும் முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதினேன். பாய் வேனை எடுத்துக்கொண்டு பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி என்று கடை கடையாகப் போய் பிளிஸ்டர் அட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரர்கள் சிரித்தார்களாம். யாரும் கேட்காமலே சரக்கைத் திரும்ப எடுக்கிற முதலாளியை அவர்கள் பார்த்ததில்லை. பழைய வியாபாரி போய்விட்டார். வேறொருவர், இந்தக் கதையைக் கேட்டதனாலேயே வந்தார்.

கழற்றிய ஷூ

தம்பிக்கு மன்னிப்புக் கேட்டு நான் பேசிய கேசட்டுக்கு அவன் பதில் இரண்டே வரி. “சரிக்கா. அம்மாவுக்குச் சால்வ வாங்கிருக்கேன்.”

அடுத்த ஆடியில் முதல் விடுமுறைக்கு வந்தான். சோதனைக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றான். வாசலில் என் சட்டப்படி ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொன்னேன். இடது கால் ஷூவைக் கழற்றாமல் நின்றான். அதட்டினேன். கழற்றினான். சுண்டுவிரல் இருந்த இடத்தில் வெறும் தழும்பு இருந்தது.

கம்பி குத்திய கால் அது.

“அது சும்மா கெடந்த வெரலுக்கா. எதுக்கும் ஒதவல” என்றான்.

நான் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். அவன் பேச்சை மாற்றுவதற்காக மேசையைப் பார்த்தான். “புது அட்டையா? ஒண்ணு குடு.”

“எதுக்குடா?”

“ஊறுகாய்க்குத் தொட்டுக்க.”

கொடுத்தேன். புண் வந்தால் டாக்டரிடம் போ, நீயாக எதையும் போடாதே என்று ஆயிரம் முறை சொன்னேன். தலையாட்டினான். அந்த ஸ்ட்ரிப்பை அவன் எதற்கு வாங்கினான் என்று எனக்கு இரண்டு வருஷம் தெரியாது.

நீலம்

அது தெரிந்த அன்றைக்குத்தான் அவன் முக்காலியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“பிரிக்கவே இல்லக்கா. அதே ரூமு, அதே சன்னலு. ரெண்டு கோட. நீ ஜாடியில வச்ச, நான் சன்னல்ல வச்சேன். பாத்துரு” என்று சொல்லிக் கையில் கொடுத்திருந்தான்.

சோதனை எளிது. கெட்டுப்போன மருந்து அயோடினை விழுங்கும். நல்ல மருந்து அதைத் தொடாது. மிச்சமிருக்கும் அயோடினில் கஞ்சித் தண்ணீரை விட்டால் கருநீலமாகும். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக இன்னொரு கரைசலை விட்டு அந்த நீலத்தைப் போக்க வேண்டும். நீலம் அவசரமாகப் போனால் மருந்து கெட்டது. போகாமல் அடம் பிடித்தால் நல்லது.

சொட்டு விழுந்தது. நீலம் நின்றது. இன்னொன்று. நின்றது. பழைய பிளிஸ்டர் கேப்சூலில் நீலம் போன கோட்டை பியூரெட்டில் தாண்டியும் நின்றது. ஆரோக்கியம் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டான். செல்லம்மா கழுவுகிற சாமானை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றாள். புது கேப்சூலுக்கு எந்தக் கோடோ, கிட்டத்தட்ட அந்தக் கோட்டுக்கு வந்ததும் ஒரு சொட்டில் குடுவை தண்ணீர் மாதிரித் தெளிந்தது.

“என்னக்கா? சொல்லேன்!”

“இன்னொரு தடவ பாக்கணும்” என்றேன். இன்னொரு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவையும் பார்த்தேன். மூன்றும் ஒன்றேதான்.

“பாஸ்டா” என்றேன்.

செல்லம்மா குலவை போட்டாள். சோதனைக்கூடத்தில் குலவை போடக் கூடாது என்று சட்டம் எழுத நான் மறந்திருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்த பாய், விஷயம் தெரிந்ததும் தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அன்று வந்த பெருமையை மறைக்கப் போவதில்லை. பட்டம் வாங்கிய அன்றுகூட அப்படி வரவில்லை. தகரக் கூரையும் வேர்க்கிற சுவரும் இரண்டு கோடை முட்டிப் பார்த்தும் நான் கையெழுத்துப் போட்ட தேதி அசையவில்லை.

பதிவேட்டைத் திறந்தேன். வைத்திருந்த இடம் என்ற கட்டத்தில், அதுவரை பக்கம் பக்கமாக ஜாடி ஒன்று, ஜாடி இரண்டு என்றுதான் இருக்கும். நான் எழுதினேன்: ஆரோக்கியராஜின் அறை, தகரக் கூரை, மேற்குச் சன்னல். முடிவு: தேர்ச்சி. சோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

வைத்திருந்தவர் என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. ஸ்கேலை எடுத்து, என் பெயருக்கு மேலே ஒன்று போட்டேன். பேனாவை அவனிடம் நீட்டினேன்.